கணுக்காலுக்குக் கீழே ஒரு சாய்ந்த கீல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையின் பழைய கடைவரிசையில் அஞ்சடி நடைவழியில் நடப்பவர் நாற்பது அடிக்குள் நாலைந்து தரைகளை மிதித்துவிடுவார். ஒரு கடை வாசலில் மொசைக், அடுத்ததில் சிமெண்ட், அதற்கடுத்ததில் நாலு விரல் உயர்த்திப் பதித்த ஓடு. இடையில் சாய்மானமாக ஒரு துண்டு, ஓரத்தில் சாக்கடை. பூக்கடை முன்னால் எப்போதும் ஈரம்.

இந்த மேடுபள்ளத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்பு ஓலைக் கூரைகளையும் அழித்தன. பின்னர் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், 1884-இல் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று விதித்தார். செங்கல் சூளைகள் எரிந்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். கடை முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்ற வழக்கம் 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்தது. அகலம் இவ்வளவு என்று சொல்லிவிட்டார்கள். தரை மட்டத்தையோ அவரவர் கடைக்கு ஏற்றபடிதான் போட்டுக்கொண்டார்கள்.

ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். ஒரு கையில் காய்கறிப் பை, மறுகையில் கைப்பேசி, பேச்சு முழுக்க வீட்டு விவகாரம். கண் தரையில் இல்லை. பாதம் தானாகவே ஒவ்வொரு மிதியிலும் தரையின் சாய்வைக் கண்டுபிடித்து, அதற்கேற்பச் சாய்ந்து, உடம்பை நேராக நிறுத்திவிடுகிறது. உள்ளங்கால் மற்றக் காலைப் பார்க்கும்படி திரும்பினால் அது உட்சாய்வு. உள்ளங்கால் வெளிப்பக்கம் பார்க்கும்படி திரும்பினால் வெளிச்சாய்வு. இந்த அத்தியாயம் இந்த இரண்டு அசைவுகளைப் பற்றியது. எலும்பு மருத்துவர்களும் பிசியோதெரபி செய்பவர்களும் தவிர மற்றவர்கள் இவற்றை நினைப்பதே கால் பிசகிய அன்றுதான்.

முதலில் இந்தச் சாய்வு எந்த மூட்டில் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கணுக்காலில் என்றுதான் பலரும் சொல்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மறு முழங்காலின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். இரு பக்கமும் புடைத்து நிற்கும் கணுக்கால் முட்டுகளை ஒரு கையால் இறுகப் பிடியுங்கள். மறு கையால் குதிகாலைக் கவ்வி இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். மேல் கையில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. கீழ் கையில்தான் குதிகால் உருளும். மெய்யான கணுக்கால் மூட்டு, பாதத்தை மேலே தூக்கவும் கீழே அழுத்தவும் மட்டுமே நன்றாக உதவுகிறது. பக்கவாட்டுச் சாய்வு அதற்கும் கீழே இருக்கும் இன்னொரு மூட்டின் வேலை.

அந்த இரண்டு மூட்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் எலும்பின் பெயர் தாலஸ். ஒரு பாதத்தில் உள்ள 26 எலும்புகளில் இதுதான் விசித்திரமானது. உடம்பின் எடை முழுவதும் இதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. இருந்தும் ஒரு தசைகூட இதில் ஒட்டியிருக்கவில்லை. மேலே கீழ்க்கால் எலும்புகள், கீழே குதிகால் எலும்பு, முன்னால் படகு எலும்பு. இவை தள்ளுகிற பக்கம் தாலஸ் நகரும். தாலஸின் அடியும் குதிகால் எலும்பின் மேல்புறமும் சேரும் இடத்தில்தான் உட்சாய்வும் வெளிச்சாய்வும் பெரும்பாலும் நடக்கின்றன. அதற்கு முன்னால் உள்ள நடுப்பாத மூட்டுகள் மிச்சத்தைச் சேர்த்துக்கொள்கின்றன.

இந்த மூட்டு எந்த அச்சில் சுழல்கிறது என்பதை 1941-இல் ஜான் மேன்டர் என்ற உடற்கூற்றியலாளர் அளந்தார். அச்சு கிடையாகவும் இல்லை, செங்குத்தாகவும் இல்லை. பின்குதிகாலின் வெளிப்பக்கத்திலிருந்து புறப்பட்டு, தரையிலிருந்து சராசரியாக 42 பாகை மேல்நோக்கி, பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 16 பாகை உள்நோக்கிப் போகிறது. கலிபோர்னியாவில் வெர்ன் இன்மன் பின்னாளில் நிறையக் கால்களை அளந்து பார்த்தபோது, இந்தக் கோணம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது தெரிந்தது. சிலருக்கு அச்சு தாழ்ந்து கிடக்கிறது, சிலருக்கு நிமிர்ந்து நிற்கிறது. ஒரே கடையில் ஒரே சப்பாத்தை வாங்கும் இரண்டு பேருக்கு அது ஒரே மாதிரி பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சு கோணலாக இருப்பதால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. கதவின் கீலை நேராக அடித்தால் கதவு பக்கவாட்டில் மட்டும் திறக்கும். அதையே 45 பாகை சாய்த்து அடித்தால், மேல்பலகையைத் திருகும்போது கீழ்ப்பலகை சாயும். தாலஸுக்குக் கீழே இருப்பது அப்படிப்பட்ட கீல். வெறுங்காலோடு எழுந்து நின்று, பாதத்தை நகர்த்தாமல், முழங்காலை மட்டும் மெல்ல உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். உள்பாதத்தின் வளைவு தாழும், குதிகால் வெளிச்சாய்வுக்குப் போகும். முழங்காலை வெளிப்பக்கம் திருப்பினால் வளைவு எழும்பும், பாதம் உட்சாய்வுக்குப் போகும். இடுப்பும் தொடையும் ஒவ்வொரு எட்டிலும் திருகுகின்றன. அந்தத் திருகலைப் பாதம் தரையில் தேய்க்காமல் சாய்வாக மாற்றிக்கொள்கிறது.

நடையில் இது நொடிக்கு நொடி நடக்கிறது. குதிகால் முதலில் வெளியோரத்தில் தொடுகிறது. பழைய சிலிப்பரைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பின்புற வெளிமூலைதான் முதலில் தேய்ந்திருக்கும். தொட்டதும் பாதம் சில பாகைகள் வெளிச்சாய்வுக்கு உருண்டு, நடுப்பாதம் தளர்ந்து, தரையின் மேடுபள்ளத்துக்கு வளைந்து கொடுக்கிறது. உடம்பு முன்னே போகப் போக அதே பாதம் உட்சாய்வுக்குத் திரும்பி இறுகுகிறது. கடைசியில் பெருவிரலால் உந்தித் தள்ளும்போது அது ஒரு நெம்புகோல். இறுகுவதற்கு எந்த மூட்டு எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரே பாதம் ஒரே எட்டில் முதலில் இளகியும் பிறகு விறைத்தும் வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

உட்சாய்வும் வெளிச்சாய்வும் சம அளவில் இல்லை. முழுப்பாதமும் உள்ளே சாயும் தூரம் வெளியே சாயும் தூரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெளிக்கணுக்கால் முட்டு உள்முட்டைவிடக் கீழே இறங்கி நிற்பதால் வெளிச்சாய்வுக்கு அது ஒரு தடுப்பு. இந்த ஏற்றத்தாழ்வின் வேர் மரத்தில் இருக்கிறது என்பது பொதுவான கருத்து. சிம்பன்ஸியின் பாதம் இயல்பிலேயே உட்சாய்ந்தது, மரத்தண்டைக் கவ்வ வசதியாக. நம் கைக்குழந்தைகளும் மல்லாந்து கிடக்கும்போது உள்ளங்கால்களை எதிரெதிரே வைத்துக்கொண்டு காலாட்டுகின்றன. தமிழ்நாட்டுப் பனையேறிகளிடம் இந்தப் பழைய திறமையை முழு அளவில் பார்க்கலாம். கால்களைத் தளைநாரால் பிணைத்து, இரு உள்ளங்கால்களையும் உள்ளே திருப்பி, மரத்தின் இரு பக்கமும் அழுத்திக்கொண்டு ஏறுவார்கள். மலாயாத் தோட்டங்களில் கள் இறக்கத் தென்னை ஏறியவர்களும் அந்த வித்தையைக் கையில் எடுத்துக்கொண்டு கப்பலேறியவர்கள்தான்.

மரம் ஏறாதவர்களின் பாதங்களுக்கும் இங்கே ஓய்வு இருந்ததில்லை. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி ரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் பெரிய பணிமனையாக வளர்ந்தது. யாழ்ப்பாணத் தமிழர்கள் அலுவலகங்களிலும் நிலையங்களிலும் அமர்ந்தார்கள். தண்டவாளத்தைப் போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளிகள் ஏராளம். தண்டவாளத்தின் ஓரம் முழுக்கச் சல்லிக்கல். அந்தக் கல்லின் மேல் நாள் முழுக்க நடப்பதுதான் அவர்கள் வேலையின் பாதி.

ரயில் பாதையின் சல்லிக்கல் பாதத்தை என்ன செய்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். ஆட்களைச் சமதரையிலும், சின்னச் சல்லியிலும், முதன்மைப் பாதையில் போடும் பெரிய சல்லியிலும் நடக்க வைத்து, கணுக்காலின் பக்கவாட்டு அசைவை அளந்தார்கள். பெரிய சல்லியில் பாதம் உள்ளும் புறமும் கூடுதலாக ஆடியது. சமதரையில் சில பாகைகளோடு நின்றுவிடும் சாய்வு, கல்லின் மேல் ஒவ்வொரு எட்டிலும் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததாகிறது. பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலிருந்து விடியலில் கிளம்பிய மனிதர்கள் இதைத் தோளில் கருவிச் சுமையோடு ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். மலாயாவின் பொருளாதாரத்தைத் தாங்கிய உறுப்புகளைப் பட்டியலிட்டால், குதிகாலின் மேலுள்ள இந்தச் சின்ன மூட்டுக்கு மேல்வரிசையில் இடம் தர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ரப்பர் தோட்டத்தில் கதை வேறு மாதிரி. பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு முடிந்து இருட்டோடு தன் மர வரிசையான நிரைக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளி மேட்டுச் சரிவில் குறுக்காக நடக்க வேண்டும். அப்போது இரண்டு பாதங்களும் எதிரெதிர் வேலை செய்கின்றன. மேட்டுப் பக்கக் கால் வெளிச்சாய்விலும் பள்ளத்துப் பக்கக் கால் உட்சாய்விலும் நிற்கும். மரத்துக்கு மரம் நின்று, குனிந்து, பட்டையில் வெட்டுக்கோட்டை இழுத்துவிட்டுத் திரும்பும்போது பாதங்கள் சாய்வை மாற்றிக்கொள்ளும். வெளிச்சாய்வுக்கு எல்லை குறுகியது என்பதால் மேட்டுப் பக்கக் காலுக்குத்தான் முதலில் இடம் தீர்ந்துபோகும். மிச்சத்தை முழங்காலும் இடுப்பும் வளைந்து ஈடுகட்டும். இருபது வருடம் பால் வெட்டிய பாட்டிமார் முட்டிவலி என்று சொன்னால், அந்தச் சரிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓட்டப் பந்தயத்தின் வளைவிலும் இதே கணக்குதான். மலேசியாவின் மணி ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வென்றவர். பிற்காலத்தில் மருத்துவரானவர். 1968-இல் மெக்சிகோவில் அவர் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. அந்தப் பந்தயத்தின் முதல் பாதி முழுக்க வளைவு. ஓடுபவர் இடப்பக்கம் சரிந்து ஓடுவதால் இடப்பாதம் வெளிச்சாய்விலும் வலப்பாதம் உட்சாய்விலும் தரையை உதைக்கின்றன. இரண்டு காலும் ஒரே வேலையைச் செய்வதுபோல் பார்வையாளர் மாடத்திலிருந்து தெரியும். அளவுக் கருவிகளைப் பொருத்திப் பார்த்தவர்கள், உள்கால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பதையும் வெளிக்கால் திருப்பிவிடுவதையும் கண்டிருக்கிறார்கள்.

நடனத்தில் இந்தச் சாய்வு பெரும்பாலும் வேண்டாத விருந்தாளி. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய நுண்கலை ஆலயம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அங்கே பல தலைமுறைப் பிள்ளைகள் பரதம் பயின்றிருக்கிறார்கள். அரைமண்டியில் முழங்கால்கள் இரு பக்கமும் விரிய வேண்டும். அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறக்காத பிள்ளை என்ன செய்யும்? பாதத்தை மட்டும் வெளியே திருப்பி வைத்துக்கொண்டு, முழங்காலை முன்னால் விட்டுவிடும். உடனே உள்வளைவு சரிந்து பாதம் வெளிச்சாய்வில் மாட்டிக்கொள்ளும். தட்டடவில் ஓங்கித் தட்டும் ஒவ்வொரு தட்டும் அந்தச் சரிந்த வளைவின் மேல் இறங்கும். முட்டியைச் சுண்டுவிரல் பக்கம் பார்க்கச் சொல்லி ஆசிரியர் அதட்டுவதற்குப் பின்னால் சாய்ந்த கீலின் இயந்திரவியல் முழுவதும் இருக்கிறது.

இனி பிசகுக்கு வருவோம். கணுக்கால் சுளுக்குகளில் மிகப் பெரும்பாலானவை, ஏறத்தாழ 85 விழுக்காடு, பாதம் உள்ளே மடங்கி வருபவை. காரணத்தை மேலே பாதி பார்த்துவிட்டோம். உள்ளே சாயத்தான் இடம் அதிகம். மீதிப் பாதி நார்களில் இருக்கிறது. எலும்பையும் எலும்பையும் கட்டும் நார்கள் உள்பக்கத்தில் அகன்ற, தடித்த ஒரு முக்கோணப் பட்டையாக இருக்கின்றன. வெளிப்பக்கத்தில் மூன்று மெல்லிய பட்டைகள் மட்டும். அவற்றில் முன்னால் இருப்பது, கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவின் நுனியிலிருந்து தாலஸுக்குப் போவது, எல்லாவற்றிலும் பலவீனமானது. முதலில் கிழிவது அதுதான்.

பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. தாலஸின் மேல்புறம் முன்னால் அகலம், பின்னால் குறுகல். பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பாகம் கணுக்கால் கவ்வலுக்குள் இறுகிக்கொள்ளும். விரல்களை நீட்டினால் குறுகிய பாகம் வந்து, மூட்டு தொளதொளவென்று ஆகும். படி இறங்கும்போது பாதம் இந்த நிலையில்தான் அடுத்த படியைத் தேடுகிறது. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறும்போது நெஞ்சு படபடக்கும், தொடை வலிக்கும். கணுக்காலுக்குச் சோதனை வருவதென்னவோ இறங்கும்போதுதான். முன்னால் நெருக்கும் கூட்டத்தில் படியின் விளிம்பு தெரியாது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெறுங்காலில் நடந்து வந்த பாதம் களைத்திருக்கும். களைத்த தசை மெதுவாகத்தான் விழிக்கும்.

இந்த மெதுவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாதம் உள்ளே மடங்கத் தொடங்கியதும் அதை வெளியே இழுத்து நிறுத்த வேண்டியவை கீழ்க்காலின் வெளிப்பக்கம் ஓடும் பெரோனியஸ் தசைகள். வெளிக்கணுக்கால் முட்டுக்குப் பின்னால் விரலை வைத்துப் பாதத்தை வெளியே தள்ளினால் அவற்றின் நாண்கள் துள்ளுவது தெரியும். திடீர் மடிப்பை உணர்ந்து இந்தத் தசைகளில் மின்துடிப்பு கிளம்பவே ஏறத்தாழ 60 முதல் 80 மில்லிநொடி ஆகிறது. துடிப்பு இழுவிசையாக மாற இன்னும் அதே அளவு நேரம். திடீரெனச் சாயும் பொறிப்பலகையில் ஆட்களை நிறுத்திச் சோதித்தபோது, அதற்குள் பாதம் மடங்கி முடித்துவிட்டது. அதாவது மடங்கிய பிறகு வரும் உதவி பெரும்பாலும் தாமதம். காப்பாற்றுவது, கால் தரையைத் தொடுமுன்பே தசைகள் கொண்டிருக்கும் தயார்நிலை. பாதம் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தால்தான் அந்தத் தயார்நிலை அமையும்.

உலகத்தரமான கால்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 2012 மே மாதம் வூஹானில் நடந்த தாமஸ் கிண்ண பேட்மிண்டன் போட்டியில், டென்மார்க்கின் பீட்டர் கேடுக்கு எதிராக ஆடும்போது மலேசியாவின் லீ சோங் வெய்யின் வலக்கணுக்கால் நார் காயப்பட்டது. ஆட்டத்தைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. லண்டன் ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம்கூட இல்லை. மலேசியா முழுக்க ஒரு கணுக்காலைப் பற்றிக் கவலைப்பட்டது அப்போதுதான். ஆகஸ்ட் 5 அன்று அவர் இறுதியாட்டத்தில் நின்றார். சீனாவின் லின் டானிடம் 21-15, 10-21, 19-21 என்று தோற்றது இரண்டே புள்ளி இடைவெளியில். பேட்மிண்டன் பல துள்ளல்கள் ஒற்றைக்காலில் இறங்கும் பந்தயம் என்பதை நினைத்தால், அந்த வெள்ளிக்குப் பின்னால் இருந்த மறுபயிற்சியின் அளவு விளங்கும்.

வீட்டில் கால் பிசகினால் நம்மிடம் முதலில் வெளியே வருவது கோடாலித் தைலம், அடுத்தது சுளுக்கு எடுக்கத் தெரிந்தவரின் தொலைபேசி எண். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் கூடாது. கிழிந்த நாரில் இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் அது கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல், இவை போதும். எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்யக் கனடாவின் ஓட்டாவாவில் இயன் ஸ்டீலும் அவருடைய குழுவும் 1992-இல் எளிய விதிகளை வகுத்தார்கள். கணுக்காலில் வலியோடு, இரு கணுக்கால் முட்டுகளில் ஒன்றின் நுனியையோ பின்விளிம்பின் கடைசி 6 சென்டிமீட்டரையோ அழுத்தினால் எலும்பே வலிக்கிறதா? நடுப்பாதத்தில் வலியோடு, உள்பக்கம் படகு எலும்பிலோ வெளியோரத்தில் சுண்டுவிரல் நீளெலும்பின் அடியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பிசகிய உடனேயும் மருத்துவமனையிலும் நாலு எட்டு வைக்க முடியவில்லையா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் எலும்பு முறிவு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

சுண்டுவிரல் எலும்பின் அடி இந்தப் பட்டியலில் இருப்பது தற்செயல் இல்லை. பெரோனியஸ் தசைகளில் குட்டையானது அங்கேதான் வந்து ஒட்டுகிறது. பாதம் உள்ளே மடங்கும்போது இந்த இடம் இழுபட்டு, எலும்பின் ஒரு சில்லே பிய்ந்து வரலாம். அதற்குச் சற்று முன்னால் நடக்கும் இன்னொரு முறிவுக்குப் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸின் பெயர். நடனமாடும்போது தன் காலிலேயே அதை வாங்கிக்கொண்டு, 1902-இல் அதைப் பற்றி எழுதினார்.

நார் ஆறிவிடும். ஆனால் பலருக்குக் கால் ஆறுவதில்லை. ஒருமுறை பிசகியவருக்கு மறுமுறை பிசகும் வாய்ப்பு கூடுகிறது. சமதரையிலேயே கால் "வழுக்கிட்டுப் போகுது" என்பார்கள். லண்டனில் மைக்கேல் ஃப்ரீமன் 1965-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நாரோடு அதிலுள்ள நரம்பு நுனிகளும் கிழிகின்றன. பாதத்தின் கோணத்தை மூளைக்குச் சொல்லும் செய்தி மங்கிவிடுகிறது. ஆகவே தசையை வலுவாக்கினால் மட்டும் போதாது, உணர்வைப் பழக்க வேண்டும் என்று சொல்லி, ஆடும் பலகையின் மேல் நோயாளிகளை நிறுத்தினார். விளக்கத்தின் நுணுக்கங்கள் பின்னர் மாறின. ஆனால் சமநிலைப் பயிற்சி மறுபிசகைக் குறைக்கிறது என்பது அதன்பின் பல சோதனைகளில் உறுதிப்பட்டிருக்கிறது. இவ்வளவு மலிவான, இவ்வளவு பயனுள்ள ஒரு சிகிச்சையை வீக்கம் வடிந்த அன்றே நாம் கைவிட்டுவிடுவது பெரிய இழப்பு.

சுவரோரமாகக் கையை ஆயத்தமாக வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நில்லுங்கள். குனிந்து கணுக்காலைப் பார்த்தால், முன்பக்க உள்ளோரத்தில் ஒரு நாண் விம்மித் தணிய, வெளிமுட்டுக்குப் பின்னால் இன்னொன்று விம்மும். உட்சாய்வும் வெளிச்சாய்வும் மாறி மாறி நடக்கும் உரையாடல் அது. இப்போது கண்ணை மூடுங்கள். உரையாடல் சண்டையாகிவிடும். கண் இதுவரை எவ்வளவு உதவி செய்துகொண்டிருந்தது என்பது அப்போது தெரியும்.

அந்த உதவி இல்லாமலே தினமும் நடப்பவர்கள் பிரிக்பீல்ட்ஸில் ஏராளம். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இயங்குகிறது. பார்வையற்ற மசாஜ் கலைஞர்களின் நிலையங்களும் இந்தத் தெருக்களில்தான். வெண்கோல் அடுத்த எட்டின் செய்தியைக் கொண்டுவரும். இந்த எட்டின் செய்தி உள்ளங்காலிலிருந்தும் கணுக்காலிலிருந்தும்தான் வர வேண்டும். அவர்களுக்காகப் பதிக்கப்பட்ட மேடிட்ட ஓடுகள், ஜப்பானில் செய்ச்சி மியாக்கே 1965-இல் உருவாக்கி 1967-இல் ஒக்காயாமாவில் முதன்முதலாகப் பதித்தவற்றின் வாரிசுகள். கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். அதன் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைப்பவர் ஓர் ஓட்டை மட்டும் மறைக்கவில்லை, ஒருவரின் பாதம் படித்துக்கொண்டிருந்த வரியை நடுவில் அறுக்கிறார். இதைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன்.

உணர்வும் தசையும் ஒன்றாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதைத் தொழுநோய் காட்டியது. பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடும் ஜாலான் டிராவர்ஸ், சிலாங்கூரின் அரசு அறுவை மருத்துவராக இருந்த ஈ. ஏ. ஓ. டிராவர்ஸின் பெயரைத் தாங்கியது. தொழுநோயாளிகளைச் சிறைபோல் அடைத்துவைப்பதை எதிர்த்து அவர் வாதாடியதன் பலனாக 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. 

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. தோலுக்கு அடியிலேயே இருப்பதால் விரலால் உருட்டிப் பார்க்கலாம். தொழுநோய் அதைத் தடிக்க வைத்துச் செயலிழக்கச் செய்யும். ஆகவேதான் பரிசோதிப்பவர் நோயாளியின் பாதத்தைக் கையால் எதிர்த்துப் பிடித்து, மேலே தூக்கச் சொல்வார், பிறகு வெளியே தள்ளச் சொல்வார். இந்த நரம்பு போனால் பாதத்தைத் தூக்கும் தசைகளும் வெளிச்சாய்க்கும் தசைகளும் சேர்ந்து போகும். உட்சாய்க்கும் பின்பக்கத் தசையான டிபியாலிஸ் போஸ்டீரியருக்கு வேறு நரம்பு, அது பெரும்பாலும் தப்பிவிடும். எதிர்த்து இழுக்க ஆளில்லாமல் அது பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். தொங்கிய பாதம் வெளியோரத்தில் மிதிக்கும். உள்ளங்காலில் உணர்வும் இல்லாதபோது, அந்த ஓரத்தில் புண் விழும். வலிக்காததால் அவர் அதன் மேலேயே நடப்பார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்டும் அவர் வழிவந்தவர்களும் தொழுநோயில் ஊனப்பட்ட கைகால்களைத் தசைநாண் மாற்றத்தால் மீட்கலாம் என்று காட்டினார்கள். பாதத்துக்கு அவர்கள் தேர்ந்தது, தொல்லை தரும் அந்த உட்சாய்க்கும் தசையையேதான். அதன் நாணை ஒட்டிய இடத்திலிருந்து விடுவித்து, காலின் முன்பக்கம் கொண்டுவந்து கட்டினால், உள்ளே இழுத்தது மேலே தூக்கத் தொடங்கும். கட்டும் இடத்தில்தான் சூட்சுமம். சற்று உள்ளே தள்ளிக் கட்டினால் பாதம் மறுபடி உட்சாயும், வெளியே தள்ளினால் வெளிச்சாயும். செங்கல்பட்டு மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையத்தின் ஹெச். சீனிவாசனும் உடன் பணிபுரிந்தவர்களும் 1968-இல் வெளியிட்ட முறை இதற்கு ஒரு தீர்வு. நாணை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு வாலைப் பெருவிரலைத் தூக்கும் நாணிலும், மற்றதை வெளிப்பக்கம் மற்ற விரல்களின் நாண்களிலும் இணைத்தார்கள். இரண்டு வால்களின் இறுக்கத்தையும் அறுவை மேசையிலேயே சரிபார்த்து, பாதம் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்படி கட்டலாம்.

சில வாரங்கள் கழித்துப் பிளாஸ்டர் கட்டைப் பிரித்ததும் நோயாளி பாதத்தைத் தூக்க முயல்வார். ஒன்றும் நடக்காது. மூளை இன்னும் செத்துப்போன பழைய தசைகளுக்கே ஆணையிட்டுக்கொண்டிருக்கும். அதனால் பயிற்சியாளர் தூக்கச் சொல்வதில்லை, முன்பு உள்ளே சாய்த்ததுபோல் சாய்க்கச் சொல்வார். நோயாளி உள்ளே சாய்ப்பதாக நினைத்து இழுப்பார், பாதம் மேலே எழும்பும். அதைக் கண்ணால் பார்த்து, திரும்பத் திரும்பச் செய்து, முதலில் உட்கார்ந்த நிலையில், பிறகு நின்று, பிறகு நடையில் என்று பழகப் பழக, தூக்க வேண்டும் என்று நினைத்தாலே அந்தத் தசை விழிக்கத் தொடங்கிவிடும்.